சிப்பிராளின் வேலை, பூவாளின் வேலை

பிள்ளை வெளியே வந்ததும் கை தானாகச் செய்யும் வேலை ஒன்று உண்டு. காயவைத்து மடித்து வைத்த பழைய காடாத்துணியை எடுத்து தலை, முகம், கழுத்து மடிப்பு, முதுகு என்று ஈரம் போகத் துடைக்க வேண்டும். அப்போது வாயும் சும்மா இருக்காது. "வாடி தங்கம், அழுடி, நல்லா அழு பாப்போம்" என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்போம். துடைக்கச் சொல்லித்தந்தார்கள். பேசச் சொல்லி யாரும் தந்ததில்லை. 1989-ல் அரசு நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து 2021-ல் ஓய்வு பெறும்வரை எத்தனை ஆயிரம் பிள்ளைகளைத் துடைத்திருப்பேன் என்று கணக்கில்லை.

எனக்குச் சொந்த ஊர் நெல்லைப் பக்கம். முதல் போஸ்டிங் மதுரைக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரி. வானம் பார்த்த பூமி. லேபர் ரூமில் இரண்டு கட்டில், வாயால் உறிஞ்சும் மியூகஸ் சக்கர், பல்பு தொங்கவிட்ட ஒரு மரப்பெட்டி. குளிர்ந்துபோன பிள்ளையைச் சூடாக்க எங்களிடம் இருந்தது அந்தப் பெட்டி மட்டும்தான்.

வந்த முதல் வாரமே ஒன்று கவனித்தேன். ஆண் பிள்ளை பிறந்தால் வராந்தாவில் ஒரு சத்தம் கேட்கும். பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்க யார் வருவது என்று பேச்சு நடக்கும். முதல் பெண் என்றால் அந்தச் சத்தம் கொஞ்சம் குறையும். மூன்றாவது பெண் என்றால் வராந்தாவே காலியாகிவிடும்.

அந்த ஊர்க்காரர்களைக் கொடூரர்கள் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு எப்போதும் உடன்பாடில்லை. பிரசவ வலியில் துடிக்கும் மருமகளுக்கு ராத்திரி முழுக்க இடுப்பு பிடித்துவிட்ட மாமியார்களை அங்கேதான் பார்த்தேன். மழையை நம்பிய இரண்டு ஏக்கர், ஒரு பெண்ணுக்குக் காதுகுத்திலிருந்து தலைப்பிரசவம் வரைக்கும் செய்முறை, நகை, ரொக்கம். அந்தக் கணக்கு அவர்களை நெரித்தது. அதற்காக அவர்கள் செய்ததைச் சரியென்று சொல்ல என்னால் முடியாது. அந்தக் கணக்கில் செத்தது பிள்ளைதான்.

1991-ல் ஒரு பெண் குழந்தை. அந்த அம்மாவுக்கு மூன்றாவது. இரண்டு கிலோ எண்ணூறு கிராம், ஒரு குறையும் இல்லை. மறுநாளே கூட்டிப்போகிறோம் என்றார்கள். கட்டில் இல்லாமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த காலம், போகிறவர்களை நாங்கள் தடுப்பதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டை எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பியது நான்தான். இரண்டு வாரம் கழித்து எங்கள் ஆயாம்மா தரையைத் துடைத்தபடி, நிமிராமல் சொன்னார். "அந்தப் புள்ள பால் பொரையேறிப் போயிருச்சாம், தாயி." நானும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய எல்லாம் அவர் நிமிராததிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு ஜெபம் செய்வது கஷ்டமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவேன், பாட்டுக்கு வாய் அசையும். முழங்கால் போட்டால் அந்த டிஸ்சார்ஜ் சீட்டு கண்ணில் வரும். ஆண்டவர் பேசுகிறார் என்று மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது, எனக்கு ஒன்றுமே கேட்கவில்லையே என்று பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினார்கள். வளர்க்க முடியாதவர்கள் பிள்ளையை அரசாங்கத் தொட்டிலில் விட்டுவிடலாம். எங்கள் பக்கத்துக்கு அது வர இன்னும் பல வருஷம் பிடித்தது. எங்களிடம் தொட்டில் இல்லை, மரப்பெட்டிதான் இருந்தது.

1993-ல் ஒரு நைட் டூட்டி. மறுபடியும் மூன்றாவது பெண். விடியற்காலம் நாலு மணிக்குப் பிறந்தது. ஆறு மணிக்கே மாமியார் வந்து நின்றார். "எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறோம் நர்ஸம்மா." தாய் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளைக்கு இன்னும் பால் கொடுக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன், பொய் வந்தது.

"புள்ளைக்கு மூச்சு சரியில்ல பெரியம்மா. மூணு நாள் பெட்டியில வச்சுப் பாக்கணும்."

அந்தப் பிள்ளைக்கு மூச்சில் ஒரு கோளாறும் இல்லை. வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

ஆயாம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியில் துணி மாற்றினார், பல்பைப் போட்டார். பிறகு என் காதருகே வந்து சொன்னார். "மூணு நாள் பால் குடுத்துட்டான்னா பெத்தவ விடமாட்டா, தாயி." அவர் சொன்னதுதான் எங்கள் திட்டம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிள்ளையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தாயிடம் கொண்டுபோவோம். முதல் நாள் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றினோம், அவள் மார்பில் வைக்கச் சம்மதிக்கவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் வைத்தாள், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். அன்று ராத்திரி மூன்று மணிக்கு நான் ரவுண்ட்ஸ் போனபோது பெட்டி காலியாக இருந்தது. நெஞ்சு நின்றுபோனது. ஓடிப்போய்ப் பார்த்தால், அவளே எழுந்து வந்து எடுத்துப்போய் மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் காலை மாமியார் ஒரு டம்ளரில் சர்க்கரைத் தண்ணீரோடு வந்தார். "நீங்களே சேனை வச்சிருங்க நர்ஸம்மா, ஒங்க கொணம் வரட்டும்." தாய்ப்பால் தவிர எதையும் வாயில் வைக்காதீர்கள் என்று நாள் முழுக்கச் சத்தம் போடுகிறவள் நான். சர்க்கரைத் தண்ணியை வாங்கி ஜன்னலோரம் வைத்துவிட்டு, அந்தத் தாயிடம் சொல்லி ஒரு சொட்டுப் பாலை என் விரலில் பீய்ச்சச் சொன்னேன். கை கழுவிய விரல். அதைப் பிள்ளையின் நாக்கில் தொட்டு வைத்தேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளை போனது. பொய் என்னோடு தங்கிவிட்டது. கேஸ் ஷீட்டில் "மூச்சுத் திணறல், கண்காணிப்பில்" என்று என் கையெழுத்தில் இருந்தது. பொய் சொல்லாதே என்ற கட்டளையை மனப்பாடம் செய்து வளர்ந்த வீடு எங்களுடையது. நல்லது செய்தேன் என்று மனசு சொன்ன ஒவ்வொரு முறையும், நாளைக்கு உண்மையாகவே மூச்சு சரியில்லாத பிள்ளைக்கு நான் எழுதினால் யார் நம்புவார்கள் என்றும் தோன்றியது. நோயாளி விவரத்தில் பொய் எழுதுவது எங்கள் தொழிலில் சின்னக் குற்றம் இல்லை.

அடுத்த ஜனவரி. வருஷத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை முடிக்கும் அட்டவணைப்படி வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், பொங்கல் முடிந்த கையோடு ஆதியாகமம் முடிந்து யாத்திராகமம் வந்துவிடும். முதல் அதிகாரத்தை நான் எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவேன். நாணல் பெட்டியில் மோசே மிதக்கும் இரண்டாம் அதிகாரத்துக்குப் போகிற அவசரம். அன்று டூட்டி மேஜையில், இரண்டு பிரசவத்துக்கு நடுவே வாசித்ததால் ஒரு சொல்லில் கண் நின்றது. "அவர்கள் மணையின்மேல் உட்கார்ந்திருக்கையில் பார்த்து, ஆண்பிள்ளையானால் கொன்றுபோடுங்கள், பெண்பிள்ளையானால் உயிரோடிருக்கட்டும்." எகிப்தின் ராஜா இரண்டு மருத்துவச்சிகளிடம் சொல்வது. ஒருத்தி பெயர் சிப்பிராள், இன்னொருத்தி பெயர் பூவாள்.

அது என் லேபர் ரூம். பிள்ளை வெளியே வந்ததும் என்ன பிள்ளை என்று பார்க்கும் அந்த ஒரு நொடி. ஆணும் பெண்ணும் மட்டும் இடம் மாறியிருந்தன.

ராஜா சொன்னபடி அவர்கள் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று கூப்பிட்டுக் கேட்கிறான். அவர்கள் சொன்ன பதிலை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. எபிரெய ஸ்திரீகள் நல்ல பலமுள்ளவர்கள், மருத்துவச்சி போகுமுன்னமே பெற்றுவிடுகிறார்கள் என்கிறார்கள். பிரசவம் பார்த்த எவளுக்கும் தெரியும், இது பொய். எல்லாப் பெண்ணும், ஒவ்வொரு முறையும், ஆள் வருமுன்னே பெற்றுவிடுவாளா? "மூச்சு சரியில்ல பெரியம்மா" என்ற என் குரல் எனக்கே கேட்டது.

போதகரிடம் போய்ச் சொன்னேன். அதட்டுவார் என்று நினைத்தேன். இந்தப் பொய்யைப் பற்றிப் பெரியவர்கள் ரொம்ப காலமாக யோசித்திருக்கிறார்கள் என்றார். தேவன் அந்த மருத்துவச்சிகளுக்கு நன்மை செய்தது அவர்கள் பொய்க்காக அல்ல, இரக்கத்துக்காக என்று பழைய திருச்சபைத் தந்தை அகஸ்டின் எழுதியிருப்பதைச் சொன்னார். அது எனக்கு முழு ஆறுதலாக இல்லை. இரக்கத்தையும் பொய்யையும் அன்று காலை ஆறு மணிக்கு என்னால் தனித்தனியாகப் பிரித்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து வசனங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். பதினேழாம் வசனம்: தேவனுக்குப் பயந்ததினால் பிள்ளைகளை உயிரோடே காப்பாற்றினார்கள். பத்தொன்பது: பொய். இருபத்தொன்று: மறுபடியும், தேவனுக்குப் பயந்ததினால். பிறந்த பிள்ளையை நாம் இரண்டு கையாலும் ஏந்துவது மாதிரி, அந்தப் பொய்யை முன்னும் பின்னும் ஒரே சொல் பிடித்திருக்கிறது. பொய் நல்லது என்று அங்கே சொல்லவில்லை, அதைத் துடைத்து மறைக்கவும் இல்லை. என்னையும் அப்படித்தான் பிடித்திருக்கிறது என்று அன்று நம்பினேன். மூன்று வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அழுது ஜெபம் செய்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன், அதுதான் இன்றுவரை என் விசுவாசத்தின் ஆதாரம். சாராயின் அடிமைப்பெண் ஆகாருக்கு வனாந்தரத்தில் தூதன் வந்தான். மோசேக்கு முட்செடி எரிந்தது. இந்த இரண்டு பெண்களிடமும் தேவன் ஒரு வார்த்தைகூடப் பேசியதாக இல்லை. சொப்பனம் இல்லை, சத்தம் இல்லை, அடையாளம் இல்லை. அடுத்த பிரசவம் இருந்தது, அவ்வளவுதான். அதைச் சரியாகப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்று பின்பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ரொம்ப வருஷம் கழித்து, மதுரை அரசரடியில் இறையியல் படித்த என் தம்பி மகள் இதில் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தாள். நம் வேதாகமத்தில் "மணை" என்று இருக்கும் இடத்தில் எபிரெயச் சொல்லுக்கு இரட்டைக் கல் என்று பொருளாம், குயவனின் சக்கரத்துக்கும் அதே சொல்தான். எகிப்தில் பெண்கள் செங்கல்மேல் குந்திப் பெற்றிருக்கிறார்கள். அபிடோஸ் என்ற இடத்தில் 2001-ல் அப்படியொரு செங்கல்லைத் தோண்டி எடுத்தார்கள், சுமார் 3,700 வருஷம் பழையது. பிள்ளையை ஏந்திய தாயும் பக்கத்தில் உதவிக்குப் பெண்களும் அதில் வரைந்திருக்கிறது. அவள் காட்டிய படத்தை வெகுநேரம் பார்த்தேன். மூல மொழியில் அவர்களை எபிரெய மருத்துவச்சிகள் என்றும் வாசிக்கலாம், எபிரெயருக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் என்றும் வாசிக்கலாமாம். இரண்டாவதுபடி வாசித்தால் அவர்கள் எகிப்தியப் பெண்களாகவும் இருக்கலாம். என் ஆயாம்மா கோயிலுக்குப் போய் விளக்கேற்றும் மனுஷி, ஒரு நாளும் சர்ச் வாசலை மிதித்ததில்லை. எனக்கு அந்த இரண்டாவது வாசிப்பில்தான் மனசு நிற்கிறது.

ராஜாவின் பெயர் அந்த அதிகாரத்தில் இல்லை, பார்வோன் என்ற பட்டம் மட்டும்தான். பெயர் எழுதியிருப்பது மருத்துவச்சிகளுக்கு. பழைய யூத ரபிகள் அந்தப் பெயர்களுக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். சிப்பிராள், பிறந்த பிள்ளையைத் துடைத்து அழகாக்கியவள். பூவாள், பிள்ளையிடம் குரல் கொடுத்துப் பேசியவள். தம்பி மகள் இதைச் சொன்னபோது நான் சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். கையைப் பார்த்தேன், ஒன்றும் பேச முடியவில்லை.

ஆனால் அந்த அதிகாரம் ஜெயத்தோடு முடிவதில்லை. கடைசி வசனத்தில் ராஜா மருத்துவச்சிகளை விட்டுவிட்டு, ஆண்பிள்ளைகளை நதியில் போடும்படி ஜனங்கள் எல்லோருக்கும் கட்டளையிடுகிறான். அவர்கள் காப்பாற்றிய பிள்ளைகளில் எத்தனை நதிக்குப் போயின என்று யாரும் எழுதவில்லை. அதை வாசிக்காமல் இந்தக் கதையைச் சாட்சியாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

1993-ல் பிறந்த பிள்ளையை அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் மாதாமாதம் விசாரித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசி போட்டாயிற்று என்று அட்டையைக் காட்டினார். பிறகு அவருக்கு மாறுதல் வந்தது, எனக்கும் வந்தது.

1991-ல் போன பிள்ளைக்குப் பெயர் இல்லை. அம்மாவின் பெயரைப் போட்டு, அவளுடைய குழந்தை என்றுதான் எழுதுவோம். ஊரை விட்டு மாறுதலாகும் முன் அந்தப் பழைய பிரசவ ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். பெண். 2.8 கிலோ. அடுத்த கட்டத்தில், என் கையெழுத்தில், உடனே அழுதது.