அப்பாவின் ஜனதாவுக்காக நான்கு லென்ஸ்கள்

அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் என் கைக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது, டயலின் அடி விளிம்பில் ஆறு மணிக்குக் கீழே இருந்த பொடி எழுத்து. என்ன எழுத்து என்று பிடிபடவில்லை. அதைப் படிக்க வேண்டும், படமெடுத்து அண்ணனுக்கும் அனுப்ப வேண்டும் என்றுதான் லென்ஸ் தேட ஆரம்பித்தேன். ஆறு வாரத்தில் நான்கு லென்ஸ்களைப் பார்த்தாயிற்று.

முதலில் வாங்கியது இணையக் கடையில். மடக்கி வைக்கும் வகை, உறையில் ‘30 மடங்கு, 21 மி.மீ.’ என்று பொறித்திருந்தார்கள். எழுத்து தெரிந்தது, ஆனால் நடுவில் மட்டும். ஓரத்துக்குப் போகப் போகக் கோடுகள் வளைந்தன. வெள்ளி முள்ளின் விளிம்பில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் கசிந்தன. 30 மடங்கு என்பதிலும் எனக்குச் சந்தேகம் வந்தது. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கூரையில் எரியும் டியூப் லைட்டுக்குக் கீழே தரையில் வெள்ளைத் தாளை வைத்து, லென்ஸை மேலும் கீழும் நகர்த்தினால் ஓரிடத்தில் விளக்கின் உருவம் தாளில் தெளிவாக விழும். அந்த உயரம்தான் ஏறக்குறைய குவியத் தூரம். கண் வசதியாகப் பார்க்கும் தூரமாகக் கொள்ளும் 250 மி.மீட்டரை, அதாவது ஏறக்குறைய பத்து அங்குலத்தை, அதால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைத்துவிடும். எனக்கு வந்த அளவு 27 மி.மீ.; அதாவது ஒன்பது மடங்கும் சில்லறையும். உண்மையான 30 மடங்கு என்றால் குவியத் தூரம் 8 மி.மீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியை முழுக் கோலிக்குண்டாகவே உருட்டினாலும் அந்தக் குவியத் தூரத்துக்கு 11 மி.மீ. அகலம்தான் வரும். 21 மி.மீ. அகல லென்ஸில் அது நடக்கவே நடக்காது. இவ்வளவு எளிய கணக்கை மறைத்து விற்பது எனக்குக் கோபத்தையே தந்தது.

இரண்டாவதாக 10 மடங்கு டிரிப்லெட் வாங்கினேன். மூன்று கண்ணாடிகளை ஒட்டி, நிறப்பிறழ்ச்சி என்னும் வண்ணக் கசிவும் விளிம்பு வளைவும் பெருமளவு நீங்கும்படி செய்த லென்ஸ் இது. வைரம் பார்ப்பவர்கள் கையில் இருப்பதும் இதுதான். ஓரம் வரை நேர்க்கோடு நேராகவே நின்றது, வண்ணக் கசிவு இல்லை. தேவநாகரியில் எழுதிய ‘ஜனதா’வின் மேல்கோடு தொடங்கும் இடத்தில் மை சற்றே திரண்டு நிற்பது வரை தெரிந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிக்கல் இடைவெளியில் வந்தது. 10 மடங்கு என்றால் லென்ஸுக்கும் டயலுக்கும் நடுவே 25 மி.மீ. மட்டுமே, ஓர் அங்குலம். என் தலையின் நிழலே டயலை மூடிவிடுகிறது. கையில் இடுக்கி இருந்தால் நுழைக்க வழியில்லை.

எங்கள் தெருமுனையில் நாற்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் தம் கண்ணில் இடுக்கியிருந்த, லென்ஸ் பொருத்திய கறுப்புக் குப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “இதைப் போட்டுக்கொண்டு ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டுப் பாருங்கள் தம்பி” என்றார். பக்கவாட்டில் ‘3’ என்று எண் போட்டிருந்தது. பழைய வழக்கப்படி இது அங்குலக் கணக்கு. மூன்று அங்குலத் தூரத்தில் தெளிவு, பத்தை அந்த எண்ணால் வகுத்தால் 3.3 மடங்கு. 4 என்றால் 2.5 மடங்கு, 2 என்றால் 5 மடங்கு. நாள் முழுக்க வேலை செய்ய அவருக்கு 3 போதும், அங்குமிங்கும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரம் பார்க்க மட்டும் 2 எடுப்பாராம். இன்னொரு கண்ணை மூடாமல் பார்க்கப் பழகச் சொன்னார். மூன்று நாளில் பழகிவிட்டது, கண் வலியும் நின்றது. நான் மூக்குக் கண்ணாடி போடுபவன் என்பதால் கண்ணாடிக் காம்பில் மாட்டும் 3.3 மடங்கும், குப்பி வடிவில் 5 மடங்கும் வாங்கினேன். குப்பியின் பக்கத்தில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கண்ணின் வெப்பத்தில் இரண்டு நிமிடத்தில் பனி படர்ந்துவிடும்.

எச்.எம்.டி. பிரியர்களுக்கு இந்த 5 மடங்கு ஏன் அவசியம் என்பதையும் சொல்ல வேண்டும். சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-ல் பெங்களூரில் தொடங்கிய கடிகாரத் தொழில் இது. மிச்சமிருந்த கடிகார உற்பத்தியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதனால் இன்று பழைய சந்தையில் ‘புதிது போல’ மின்னும் டயல்களில் பல, மறுபடி வண்ணம் அடித்தவை. நான் ஆசையாக வாங்கிய எச்.எம்.டி. பைலட் கடிகாரம் ஒன்றைச் சாய்ந்த டார்ச் வெளிச்சத்தில் 5 மடங்கில் பார்த்தேன். வண்ணத்துக்கு அடியில் ஒரு தூசி புடைத்து நின்றது. எழுத்தின் ஓரங்கள் பிசிறடித்திருந்தன. நிமிடக் கோடுகளின் வட்டம் ஒரு பக்கம் விளிம்பை நெருங்கியும் மறுபக்கம் விலகியும் இருந்தது. அப்பாவின் ஜனதாவில் ஓரிடத்தில்கூட அப்படி இல்லை.

இனிப் படம். கைப்பேசி கேமராவின் முன் லென்ஸை ஒட்டி வைத்தால், லென்ஸின் குவியத் தூரத்தில் இருக்கும் பொருள் தெளிவாக விழும். எனவே இங்கும் இடைவெளிதான் பிரச்சினை. 10 மடங்கு டிரிப்லெட்டோடு எடுத்தபோது கைப்பேசியே டயலின் மேல் குடையாகக் கவிந்தது, வெளிச்சம் நுழையவில்லை. 5 மடங்கில் 50 மி.மீ. கிடைக்கிறது, பக்கத்திலிருந்து விளக்கு காட்ட முடிகிறது. ஆனால் ஒற்றைக் கண்ணாடி என்பதால் ஓரம் குழைந்தது. கைப்பேசியின் 3 மடங்குத் தொலைநோக்குக் கேமராவுக்கு மாறியதும் அது தீர்ந்தது. அது லென்ஸின் நடுப்பகுதியை மட்டுமே பார்க்கிறது, உருவமும் பெரிதாகிறது. கேமரா தானாக வேறு லென்ஸுக்குத் தாவும் வசதியை முதலில் அணைத்துவிட வேண்டும். இது தெரியாமல் ஒரு மாலை முழுவதும் வீணானது.

இப்போதைய ஏற்பாடு இது. இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் கைப்பேசி, லென்ஸ் அட்டைத் துளையில், கீழே கடிகாரம். கடிகாரத்துக்கு அடியில் சீட்டுக்கட்டு: ஒரு சீட்டு கூட்டினால் ஒரு மயிரிழை மேலே வரும். கையால் குவியம் பிடிப்பதைவிட இது பல மடங்கு நிதானம். கடிகாரத்தைச் சுற்றி வெண்ணெய்த் தாளைக் குழலாகச் சுருட்டி நிறுத்தி, வெளியிலிருந்து விளக்கு காட்டுகிறேன். மேல்கண்ணாடியில் அப்பாவின் கைக்கடிகார வாழ்க்கை முழுக்கக் கீறலாகப் பதிந்திருக்கிறது, நேர் வெளிச்சம் பட்டால் அவைதான் முதலில் மின்னுகின்றன. குழல் வைத்ததும் கீறல்கள் அடங்கி டயல் மேலே வந்தது.

பின்மூடியைப் பெரியவர்தான் திறந்து கொடுத்தார். விநாடிக்கு 5 முறை துடிக்கும் பேலன்ஸ் சக்கரம் படத்தில் கலங்கலாகவே விழுந்தது. சாவி தீர்ந்து தானாக நின்ற பிறகு எடுத்தேன். அந்தச் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாக விழுந்தது. சக்கர அச்சைத் தாங்கும் சிவப்புக் கல் ஒன்றின் நடுவில் எண்ணெய் காய்ந்து வளையமாக நிற்பதையும் அந்தப் படத்தில்தான் கண்டேன். பெரியவரிடம் காட்டினேன். அடுத்த வாரம் பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம் என்றிருக்கிறார், பிரிக்கும்போது அருகில் உட்கார அனுமதியும் தந்திருக்கிறார். 3.3 மடங்கை எடுத்துக்கொண்டு போகிறேன்.