ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள்

எதிர்வீட்டு டீச்சர் 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட்) நெட் பிளானுக்கு மாறி, மாசாமாசம் பணமும் கட்டி, ஸ்பீட் டெஸ்ட்டில் 94-ஐத் தாண்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். கம்பெனி ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, "எங்க லைன்ல ஒரு குறையும் இல்ல மேடம்" என்று போய்விட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். 94 என்று கேட்டவுடனே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. 100 எம்பிபிஎஸ் போர்ட்டில், அதாவது வயர் செருகும் துளையில், சில்லறைச் செலவு எல்லாம் போக, கைக்கு வருவது அவ்வளவுதான். ரவுட்டரை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கரில் எறும்பு சைஸ் எழுத்தில் 10/100, அதாவது போர்ட் 100-க்கு மேல் போகாது. அது வந்த அட்டைப்பெட்டியில் மட்டும் கொட்டை எழுத்தில் 1200!

அந்த 1200 என்ன கணக்கு என்று கேட்டால் சிரிப்பு வரும். வைஃபைக்கு இரண்டு அலைவரிசை (பேண்டு) உண்டு: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டினால் 1167, அதை 1200 ஆக்கி விற்கிறார்கள். ஒரு போன் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். 867-லும் நிஜமாகக் கிடைப்பது பாதி, அதற்குக் கொஞ்சம் மேலே. காற்றில் இத்தனை பேசுகிற பெட்டிக்கு வெளியிலிருந்து உள்ளே வருவதே 100தான் என்றால் யாருக்கு என்ன லாபம்? அதனால் நான் ரவுட்டர் பார்க்கும்போது ஆன்டெனாவை எண்ணுவதில்லை. பின்பக்கத்தில் எத்தனை போர்ட், அத்தனையும் கிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்), வெளி லைன் வந்து சேருகிற வான் போர்ட்டும் சேர்த்துத்தானா என்பதுதான் முதல் கேள்வி. கடைக்காரர் 'டூயல் பேண்டு மேடம்' என்று தொடங்கினால் குறுக்கே புகுந்து இதைக் கேட்டுவிடுவேன்.

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். கீழே தாத்தா காலத்துச் சுவர், ஜன்னல் விளிம்பில் ஒரு பிள்ளை சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவு கனம். மாடி பின்னால் எடுத்தது, நடுவில் கான்கிரீட் தளம், அதற்குள் கம்பி. நான் மாடியில் உட்கார்ந்து ராத்திரி ஷிப்டில் மெடிக்கல் பில்லிங் பார்க்கிறவள். வேலை முழுக்க ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது எங்கோ இருக்கிற கம்ப்யூட்டரை நெட் வழியாக இங்கிருந்து இயக்குவது. எனக்கு வேகத்தைவிட நடுவில் அறாமல் இருப்பது முக்கியம். அரை நொடி தொங்கினால் டைப் அடித்த எழுத்து எங்கோ போய் உட்காரும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் எங்கள் சுவரைத் தாண்டும்போது பிராணன் போய்விடும். 2.4 தாண்டும். ஆனால் தெருவில் அத்தனை வீட்டு வைஃபையும் அங்கேதான் நெரிசலாக நிற்கிறது. ஒன்றோடொன்று மோதாமல் அதில் மூன்று சேனல்தான் தேறும்: 1, 6, 11.

ஆகவே நான் வைத்துக்கொண்ட சட்டம் இது. நகராத சாமானுக்கு வயர், நகர்வதற்கு வைஃபை. ஆபீஸ் கம்ப்யூட்டர், ஹால் டிவி, சிசிடிவி பெட்டி மூன்றும் எங்கேயும் போகப்போவதில்லை. வைஃபையில் ஒரே சேனலில் இருப்பவர்கள் எல்லாரும் முறை வைத்துத்தான் பேச வேண்டும். நாள் முழுக்க ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிற கேமராவையும் அதில் சேர்த்தால் மற்றவர் முறை தள்ளிக்கொண்டே போகும். இந்த மூன்றையும் வயருக்கு மாற்றினால், போனுக்கும் மகனுடைய லேப்டாப்புக்கும் காற்று காலியாகக் கிடைக்கும். இத்தனையும் எழுதி வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

வயர் இழுக்க வந்த பையன் கெட்டிக்காரன். நான் வாங்கி வைத்திருந்த கேட்6 நெட்வொர்க் வயர் சுருளைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டினான். "உள்ளயும் செம்புதான்க்கா, நல்ல சாமான். சில கடையில மேல செம்பு பூசி உள்ள அலுமினியம் குடுப்பான், சுரண்டினா வெள்ளையாத் தெரியும்." அப்புறம் ஒவ்வொரு முனையிலும் எட்டுக் கம்பியை நிறம் பார்த்து வரிசைப்படுத்தினான். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். நுனியை ஒரே மட்டமாக நறுக்கி, போர்ட்டில் செருகுகிற பிளாஸ்டிக் கிளிப்புக்குள் ஏற்றி, எட்டும் முனை தொட்டதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கிரிம்ப் கருவியால் அழுத்தி இறுக்கினான்.

இந்த எட்டில்தான் சூட்சுமம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும், நாலே கம்பி. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு பிரவுன் சரியாகத் தொடவில்லை என்றால் பல பெட்டிகள் மூச்சுவிடாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வேலை செய்யும், ஒன்றும் தெரியாது. பழைய வயரிங்கில் நாலு கம்பியை மட்டும் அடித்து, மிச்ச நாலை வேறு எதற்காவது எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீடு என்று இருக்கும். 1000/1000 வந்தால் சரி. 100/100 வந்தால் ரவுட்டரைத் திட்டுவதற்கு முன் கிளிப்பைப் பாருங்கள்.

டிவியில் மட்டும் 100தான் காட்டும். பெரும்பாலான டிவிகளுக்கு கம்பெனியே 100 எம்பிபிஎஸ் போர்ட்தான் வைக்கிறது. 4கே படத்துக்கு 25 இருந்தாலே தாராளம் என்பதால் அதற்காக மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடைசியில் வாங்கியது டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்23. வைஃபை 6, பின்னால் ஒரு வான், வீட்டுச் சாமான்களுக்கு நாலு லான் போர்ட், ஐந்தும் கிகாபிட். அதைவிடப் புதிய வைஃபை 7 பெட்டிகளும் கடையில் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அதைப் பிடிக்கிற போன் ஒன்றுகூட இல்லை, பிளானும் 200தான். ஆசைக்கு அளவு இல்லை என்றாலும் பணத்துக்கு உண்டு. போர்ட் பற்றாவிட்டால் பின்னால் ஒரு ஐந்து போர்ட் கிகாபிட் சுவிட்ச் (ஒரு வயரைப் பலதாகப் பிரிக்கிற பெட்டி) வாங்கிக்கொள்ளலாம். ஆயிரம் ரூபாய் பக்கம்தான் ஆகும்.

மாடி வைஃபைக்கு என் தம்பி ரிப்பீட்டர், அதாவது வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற பெட்டி, வாங்கச் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாதாரண ரிப்பீட்டர் கேட்டதை அதே ரேடியோவில் திருப்பிச் சொல்லும், பாதி நேரம் அதிலேயே போய்விடும். மாடிக்குத்தான் வயர் போய்விட்டதே, அதன் முனையில் இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடில், அதாவது வயரில் வருவதை வைஃபையாகக் கொடுக்க மட்டும், வைத்து, கீழே உள்ள அதே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் முடிந்தது. போன் மாடி ஏறும்போது தானாக மாறிக்கொள்ளும். சில போன் கடைசிவரை கீழ் சிக்னலையே பிடித்துக்கொண்டு தொங்கும். அதற்குப் போனில் வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போடுவதுதான் மருந்து.

இரண்டு விஷயம் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். ஒன்று, அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பாருங்கள். கரன்ட் போனால் தாங்குகிற மினி யுபிஎஸ் அதற்குப் பொருந்த வேண்டும். ரவுட்டர் மட்டும் ஓடிப் பயனில்லை, ஃபைபர் வருகிற ஓஎன்டி பெட்டிக்கும் சேர்த்து வேண்டும். ஷிப்ட் நடுவில் கரன்ட் போகிற ஊரில் இது சின்ன விஷயமில்லை. இரண்டாவது, ஸ்மார்ட் பிளக் மாதிரி சாமான்கள் பலவும் 2.4-ஐ மட்டும்தான் பிடிக்கும். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்து அது சேரமாட்டேன் என்று அடம்பிடித்தால், சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவிடுங்கள்.

டீச்சர் புது ரவுட்டர் வாங்கிவிட்டார். 280 காட்டுகிறதாம். பழையதைத் தூக்கிப் போடப் போனவரைத் தடுத்து, சாமான்களுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கிற டிஹெச்சிபியை அணைத்து, அவர் மாமியார் அறை டிவிக்குப் பக்கத்தில் சுவிட்ச் ஆக வைத்துக் கொடுத்தேன். சீரியல் பார்க்க 94 போதாதா என்ன.