எஞ்சினை அணைத்த பிறகுதான் பயணம்: விட்சண்டே தீவுகளில் ஓர் இரவு

நேற்று இரவுதான் சிட்னி திரும்பினோம். துணிமூட்டை வாஷிங் மெஷின் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. வீடெல்லாம் உப்பு வாடை. கண்ணை மூடினால் கட்டில் ஆடுகிறது. இந்த ஆட்டம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும்.

போன இடம் குயின்ஸ்லாந்துக் கரையோரத்து விட்சண்டே தீவுகள். மொத்தம் 74 தீவுகள், பெரும்பாலானவற்றில் ஆள் கிடையாது. நாங்கள் நால்வர், அண்ணன் வீட்டில் நால்வர். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. சிட்னியின் வென்ட்வொர்த்வில்லில் பக்கத்துப் பக்கத்து அடுக்ககத்தில் குடியிருந்த காலத்திலிருந்து பதினோரு வருடப் பழக்கம். அவருடைய அம்மாவை எங்கள் பிள்ளைகளும் 'நாகைப் பாட்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். நாகப்பட்டினத்திலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார். வயது 69.

படகை முடிவு செய்வதற்குள்ளேயே இரண்டு வாரம் போய்விட்டது. அண்ணனுக்கு கேட்டமரான் வேண்டும். நம் கட்டுமரம் என்ற சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் இப்படித் திரும்பி வந்திருக்கிறது. இன்றைக்கு அது இரண்டு உடல்களை மேல்தளத்தால் இணைத்த படகு. அதிகம் சாயாது, உள்ளே வீடு மாதிரி இடம் இருக்கும். ஆனால் ஆயிரத்துச் சொச்சம் டாலர் கூடுதல். நான் ஒற்றை உடல் படகுதான் என்று பிடிவாதமாக நின்றேன். பணம் ஒரு காரணம். பாய் விரித்தால் சாயாத படகில் போய் எனக்கு என்ன ஆகப்போகிறது என்பது இன்னொரு காரணம். கடைசியில் ஒரு முழுப் படகு, ஓட்டுவதற்குக் கேப்டன், சமையலுக்கும் கயிறு இழுக்கவும் ஒரு பெண், சாப்பாடு சேர்த்து இரண்டு பகல் ஓர் இரவுக்குத் தலைக்கு 450 டாலர் என்று பேசி முடித்தோம். எங்கள் குடும்பத்துக்கு மட்டும் 1,800. இன்னும் ஏழெட்டு மாதத்துக்கு வேறு ஊர் எதுவும் கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

அப்புறம் அந்த வேன்காரர். ப்ராசர்பைன் விமான நிலையத்திலிருந்து படகு கிளம்பும் ஊரான ஏர்லி பீச் 40 கிலோமீட்டர்கூட இல்லை. எட்டு பேருக்கும் சேர்த்து 160 டாலர் என்று போனில் சொன்னவர், ஏர்லி பீச்சில் இறக்கிவிட்டு 220 கேட்டார். விமானம் இருபது நிமிடம் தாமதமாம், அதற்குக் காத்திருப்புக் கட்டணம். பைகளுக்குத் தனி. எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், "இங்கே எல்லாரும் இப்படித்தான்" என்கிறார். அண்ணன் சண்டைக்குப் போகாத மனிதர், அட்டையை நீட்டிவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. போகிறவர்கள் தயவுசெய்து தனி வேன் பேசாதீர்கள். விமான நேரத்துக்கேற்ப ஓடும் பேருந்தில் இருக்கைக் கணக்கில் முன்பதிவு செய்யுங்கள். திரும்பும்போது அதில்தான் வந்தோம், ஒரு குறையும் இல்லை.

அடுத்த அடி படகுத்துறையில். கடல் பூங்காக் கட்டணம், ஜெல்லிமீன் கொட்டாமலிருக்க உடம்பு முழுக்க மூடும் ஸ்டிங்கர் சூட்டுக்கு வாடகை என்று தலைக்கு இன்னும் 40 டாலர். பூங்காக் கட்டணம் அரசுக்குப் போவது, அதைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் பணம் வாங்கும்போதே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா? எட்டு பேருக்கு 320 டாலர் என்பது, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது சொல்லும் தொகையா? சூட் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நவம்பர் முதல் மே வரைதான் ஆபத்தான பருவம் என்றாலும் மற்ற மாதங்களிலும் போடச் சொல்கிறார்கள். அங்கே இருக்கும் இருகாஞ்சி ஜெல்லிமீன் விரல் நகம் அளவுதான். கொட்டினால் ஆஸ்பத்திரிதான்.

இனிமேல் புகார் இல்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குத் துறையை விட்டோம். முதல் அரை மணி நேரம் டீசல் எஞ்சின் தடதடவென்று ஓடியது. சரி, சாதாரணப் படகு மாதிரிதானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேப்டன் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாயின் கயிற்றை இழுத்துச் சுற்றும் வின்ச்சின் கைப்பிடியைக் கொடுத்தார். என் பெரியவனும் அண்ணன் மகளும் மாறி மாறிச் சுற்றச் சுற்ற, பெரிய பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மேலே ஏறியது. முன்பாயையும் இழுத்துவிட்டார்கள். படகு திரும்பியது. எஞ்சினை அணைத்தார்.

அந்த அமைதியை எப்படிச் சொல்வது? சத்தமே இல்லாமல் போகவில்லை. தண்ணீர் பலகையை உரசும் சத்தம், கயிறு முறுகும் சத்தம், எங்கோ ஒரு கொக்கி டிங் டிங் என்று அடிப்பது, எல்லாம் ஒவ்வொன்றாகக் காதுக்குள் வந்தன. படகு இடது பக்கமாகச் சாய்ந்து ஓட ஆரம்பித்தது. நன்றாகவே சாய்ந்தது. கீழே சமையலறையில் ஒரு தட்டு உருண்டு விழுந்தது. அக்கா, அதாவது அண்ணனின் மனைவி, என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. கவிழாது, அடியில் தொங்கும் கனமான கீல் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு பலமாக இழுக்கும் என்று கேப்டன் விளக்கினார். அக்காவுக்கு விளக்கம் போதவில்லை. நாகைப் பாட்டிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, உயர்ந்த பக்கத்து விளிம்பில் போய் உட்கார்ந்து முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தார்.

"இது சோழகம் இல்லடி. தெக்கயும் கெழக்கயும் கலந்துல்ல வருது" என்றார்.

சோழகம் என்றால் தென்காற்று. கேப்டனிடம் சொன்னேன். தென்கிழக்குக் காற்று, 15 நாட், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர், பாட்டி சொன்னது சரி என்று தலையாட்டினார். வருடத்தில் பெரும்பகுதி அங்கே அடிப்பது அந்தக் காற்றுதான். நாங்கள் வடகிழக்கே போக வேண்டும், காற்று பக்கவாட்டில் வருகிறது. பாய்மரப் படகுக்கு இதைவிடத் தோதான திசை கிடையாதாம். 1770 ஜூனில் ஜேம்ஸ் குக் தன் கப்பலோடு கடந்து போனதும் நாங்கள் போன இதே கடல்வழிதான். அன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமையில் வரும் கிறிஸ்தவர்களின் விட்சண்டே திருநாள் என்று இந்தப் பெயரை வைத்தார். மேற்கே போகிறவர்கள் தாண்டும்போது ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளும் தேதிக்கோடு என்ற ஒன்று அப்போது இல்லாததால், உண்மையில் இங்கே அது திங்கட்கிழமை.

மூன்று மணி நேரத்தில் ஹூக் தீவின் நாரா இன்லெட்டுக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கமும் மலை, நடுவே நீண்டு உள்ளே போகும் நீர். வெளியே அடித்த காற்று உள்ளே இல்லை. நங்கூரம் போட்டதும் ரப்பர் படகில் கரைக்குப் போய்ப் படியேறினோம். செங்குத்தான படிகள், பாட்டி பாதியில் உட்கார்ந்துவிட்டார். மேலே ஒரு பாறைக் குடைவு. இந்தத் தீவுகளின் ஆதிகுடிகளான நாரோ மக்கள் செங்காவியில் வரைந்த கோடுகள், வலை போன்ற வடிவங்கள் அதில் இருக்கின்றன. இந்தத் தீவுகளில் சுமார் 9,000 ஆண்டுகளாக அவர்கள் வாழ்ந்ததற்கு இந்த இன்லெட்டில் அகழ்ந்து சான்று எடுத்திருக்கிறார்கள். மரப்பட்டைகளைத் தைத்துச் செய்த படகுகளில் தீவுக்குத் தீவு போய் மீனும் ஆமையும் பிடித்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிகளும் காவல்படையும் அவர்களை இங்கிருந்து விரட்டியடித்தார்கள். கடற்கரைப் படங்களால் நிரம்பிய விளம்பரச் சீட்டுகளில் நாரோ என்ற பெயர் ஒரு மூலையில் ஒற்றை வரியாக இருக்கிறது. எனக்கு அது தப்பு என்றே படுகிறது. இந்தத் தீவுகளுக்குப் போகிறவர்கள் முதலில் ஏற வேண்டிய இடம் இந்தக் குடைவு.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். புரட்டாசி மாதம், அண்ணன் வீட்டில் மாதம் முழுக்க அசைவம் கிடையாது. முன்கூட்டியே எழுதிச் சொல்லியும் படகில் ஏற்றியிருந்தது கோழியும் சாசேஜும்தான். அவர்களுக்கென்று இருந்தது இலைக் கலவை ஒரு டப்பா. நல்லவேளை, அக்கா வீட்டிலிருந்தே புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டி வந்திருந்தார். அந்தச் சமையல்காரப் பெண்ணுக்குத்தான் முகம் வாடிப்போயிற்று, அவர் தப்பு இல்லை, பட்டியல் அவர் கைக்குப் போகவேயில்லை. உங்களிடம் என்ன காய் இருக்கிறது என்று அக்கா கேட்டுக் கீழே இறங்கினார். அரை மணியில் குடைமிளகாய், உருளைக்கிழங்கு, தேங்காய்ப்பால் டின் இவற்றை வைத்து ஒரு குருமா. அடுப்பு ஆடும் தாங்கியில் தொங்குகிறது, படகு சாய்ந்தாலும் அது நேராக நிற்கும். குருமாவும் புளியோதரையும் மேல்தளத்தில் கையில் தட்டை வைத்துக்கொண்டு, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். கேப்டன் மூன்று தடவை வாங்கிப் புளியோதரை சாப்பிட்டார். இந்த வருடம் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த சாப்பாடு இதுதான், ஓட்டல்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அமாவாசைக்கு மறுநாள் என்பதால் நிலவு சீக்கிரமே இறங்கிவிட்டது. ஆனால் இருட்டை அனுபவிக்க முடியவில்லை. நூறு மீட்டர் தள்ளி நின்ற ஒரு பெரிய மோட்டார் படகு ஜெனரேட்டரைப் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் நீல விளக்கு வேறு எரியவிட்டிருந்தது. பத்து மணிக்கு அது அடங்கியதும்தான் வானம் வந்தது. முன்னிரவில் மேற்கே விருச்சிகம் முழுதாக, வாலோடு தெரிந்ததைப் பாட்டி பிள்ளைகளுக்குக் காட்டியிருந்தார். சிவப்பாக மினுங்குவது கேட்டை, வால் பக்கம் மூலம் என்று. இப்போது அது மலை விளிம்புக்கு இறங்கியிருந்தது. சின்னவள் வாளியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விட்டு அலசினாள். தண்ணீர் பச்சையாகப் பொறி பொறியாக மின்னியது. மறுபடியும் மறுபடியும் அலசினோம். பதினாலு வயது அண்ணன் மகள், இரண்டு நாளாகப் போனை விட்டு நிமிராதவள், வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டு கையைத் தண்ணீருக்கு நீட்டிக்கொண்டிருந்தாள். கீழே அறைகள் புழுக்கம். ஆறு பேர் மேல்தளத்திலேயே போர்வையை விரித்துப் படுத்தோம். விடியற்காலையில் பனி நனைத்துவிட்டது, யாரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் காலை ஹூக் பாசேஜ் என்ற, இரண்டு தீவுகளுக்கு இடையிலான நீர்வழியாகக் கிழக்குப் பக்கம் போக வேண்டும். காற்று ஒரு பக்கம், நீரோட்டம் எதிர்ப்பக்கம், இரண்டும் மோதி அலை குத்துக்குத்தாக எழுந்தது. எஞ்சினில்தான் போனோம். என் கணவரும் அண்ணனும் வாளியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை, கிளம்பும் முன்பே போட வேண்டும். கீழே இறங்கவே கூடாது, அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பாட்டி ஒரு துண்டு சுக்கைக் கடித்துக்கொண்டு தெம்பாக இருந்தார்.

வைட்ஹேவன் கடற்கரையின் ஏழு கிலோமீட்டர் மணலில் 98 சதவீதம் சிலிக்கா. உச்சி வெயிலிலும் கால் சுடவில்லை. மிதித்தால் கீச்சென்று சத்தம் வருகிறது. அழகுதான். ஆனால் நடுப்பகுதியில் பகல்நேரப் படகுகள் நூறு நூறு பேராகக் கொண்டு வந்து கொட்டுகின்றன. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஒரு பெரிய உடும்பு வந்து பக்கத்துக் குடும்பத்தின் ரொட்டியை இழுத்துக்கொண்டு போனது. எங்களுக்கு அங்கே ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது.

அதே கடற்கரையின் வடமுனையில் இருக்கும் ஹில் இன்லெட்டுக்குப் போதவில்லை. அங்கே ஒரு சிக்கல் உண்டு. நீர் வற்றியிருந்தால்தான் மேலேயிருந்து மணலும் நீரும் சுழிந்து கலக்கும் காட்சி துலங்கும். ஆனால் நீர் மிகவும் வற்றினால் அதற்குப் பக்கத்து விரிகுடாவான டங் பேயில் ரப்பர் படகைக் கரைசேர்ப்பது கஷ்டம். கேப்டன் ஓதப் பட்டியலைப் பார்த்து, நீர் இறங்கிக்கொண்டிருக்கும் பன்னிரண்டரை மணிக்குக் கொண்டுபோய் இறக்கினார். இருபது நிமிட நடை. இம்முறை பாட்டியும் ஏறினார், என் மகன் கையைப் பிடித்துக்கொண்டு. மேலே பலகைத் தளத்தில் நின்று பார்த்தால், பால் ஊற்றிய வெள்ளையும் பச்சையும் நீலமும் விரல் விரலாகப் பிரிந்து ஓடுகின்றன. ஐந்து நிமிடத்துக்கொரு தடவை வடிவம் மாறுகிறது. கீழே ஒரு திருக்கைமீன் நிழல்போல நகர்ந்தது.

வருகிறவர்களுக்கு: பெட்டி கொண்டு போகாதீர்கள், படகில் வைக்க இடமில்லை, மடித்து வைக்கக்கூடிய துணிப்பைதான். தண்ணீர்த் தொட்டி அளவானது, குளியல் இரண்டு நிமிடம். கழிப்பறைக்குக் கைப்பம்பு, இருபது தடவை அடிக்க வேண்டும். இன்னும் ஏதோ சொல்ல நினைத்தேன், திரும்பி வந்த அந்த மூன்று மணி நேரம் நினைவுக்கு வந்ததும் மறந்துவிட்டது.

பாசேஜைத் தாண்டியதும் மறுபடி பாய், மறுபடி அந்த அமைதி. கேப்டன் சுக்கான் சக்கரத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். என் கைக்கு வந்தபோது ஏழரை நாட் ஓடியது. சக்கரம் உள்ளங்கையில் துடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு அடுத்து பாட்டி. ஐந்து நிமிடம் நேராகப் பிடித்தார், வாயைத் திறக்கவில்லை. ஏர்லி பீச்சில் இறங்கியதும் முதல் வேலையாக நாகையில் தங்கைக்குப் போன் போட்டார்.

"காது கேக்குதா? பாய் விரிச்சு ஓட்டிட்டு வந்துருக்கேன்டி. ஆமா, நான்தான்."