1976, சீனா

பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். 1976 வந்தால் மட்டும் பாடம் நகராது. ஜனவரியில் பிரதமர் சோ என்லாய், செப்டம்பரில் மாவோ மறைவு. அடுத்த மாதமே மாவோவின் மனைவி உள்ளிட்ட தலைவர்களின் ‘நால்வர் குழு’ கைது. சரி, அதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

நான் நின்றுவிடுவது தாங்ஷான் நிலநடுக்கத்தில். ஜூலை 28, அதிகாலை 3.42. அந்த நிலக்கரி நகரம் தூக்கத்திலேயே இடிந்து விழுந்தது. அரசுக் கணக்கிலேயே 2,42,000 பேருக்கு மேல் பலி. தொலைபேசி வேலை செய்யவில்லை. லீ யூலின் என்ற சுரங்கத் தொழிலாளி சிலரோடு ஆம்புலன்ஸில் பெய்ஜிங்குக்கே போய்ச் செய்தி சொன்னார். எப்பேர்ப்பட்ட மனிதர்!

அரசோ வெளிநாட்டு உதவியை மறுத்தது. என்னால் இதை ஏற்கவே முடியவில்லை. பலி எண்ணிக்கை வெளிவந்ததே 1979-இல்தான்.