“குழந்தைகளுக்கு இதெல்லாம் வராதுங்க”

எங்கள் பையனுக்கு வந்தது குரோன்ஸ் என்ற நீண்டகாலக் குடல் அழற்சி நோய். அதைக் கண்டுபிடிக்கும்வரை மேலே இருக்கும் வரியை எங்களிடம் சொல்லாத ஆள் குறைவு. பையனுக்குச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு வலிக்கும். அடிக்கடி வாய்ப்புண், மாலையில் லேசான காய்ச்சல். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், பிறகு அல்சர் என்று சிரப். மாமியார் குடலேத்தம் என்று தட்டிவிட ஆளைக் கூட்டி வந்தார். ஒருவர், ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறான் என்றார்.

கடைசியில் ஒரு குழந்தைகள் குடல் டாக்டரிடம் போனோம். அவர் வலியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. பழைய ரேங்க் கார்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். அதில் வருஷா வருஷம் எழுதியிருந்த உயரத்தையும் எடையையும் ஒரு சார்ட்டில் புள்ளி வைத்தார். நாலாம் வகுப்புவரை ஏறிய கோடு, அதற்கப்புறம் படுத்துக்கிடந்தது. “இந்தப் பசங்கள்ல சில பேருக்கு வலியே இருக்காதும்மா, வளர்த்தி நின்னுடும். அதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்” என்றார். பிறகு ஆசனவாயைப் பார்த்தார். வேறொரு இடத்தில் மூலம் என்று களிம்பு கொடுத்திருந்த அந்தச் சதைதான் அவருக்கு அடுத்த தடயம்.

குரோன்ஸ் நோய் என்ற பேரை அன்றுதான் கேட்டேன். 1932-இல் நியூயார்க் டாக்டர்கள் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த பெயராம். இதுவும், பெருங்குடலில் புண் போடும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் சேர்ந்ததுதான் ஐபிடி என்கிற குடல் அழற்சி நோய். பலரும் கேள்விப்பட்டிருக்கிற ஐபிஎஸ் என்கிற குடல் எரிச்சல் தொல்லை வேறு, அதில் குடலில் புண் இருக்காது. ஐபிடி வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு 20 வயதுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கனடாவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் அதிகம், நம் ஊரிலும் இப்போது கூடிவருகிறது. பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல். ஆறு வயதுக்குள் வந்தால் மரபணுக் கோளாறு இருக்கிறதா என்றும் பார்ப்பார்களாம். குழந்தைகளுக்கு இந்த நோய் அபூர்வம்தான், ஆனால் வராது என்று சொல்கிற அளவுக்கு இல்லை.

மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற, குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் புரதத்தின் அளவைப் பார்த்தோம். 50-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 250-ஐத் தாண்டினால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். எங்களுக்கு ஆயிரத்துக்கு மேல். அடுத்து வாய் வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிற எண்டாஸ்கோப்பி, காலனோஸ்கோப்பி. மயக்கம் கொடுத்துச் செய்வதால் பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. முந்தின நாள் குடலைச் சுத்தம் பண்ணக் குடிக்கிற உப்புக்கரைசல்தான் கொடுமை. ஃப்ரிட்ஜில் வைத்துச் சில்லென்று ஸ்ட்ராவில் கொடுங்கள், நாக்கின் பின்பக்கமாக இறங்கிவிடும். சிவப்பு நிற ஜூஸ் எதுவும் கூடாது, ரத்தம் மாதிரி தெரியும்.

நம் நாட்டில் இங்கேதான் ஒரு சிக்கல். குடல் காசநோயும் குரோன்ஸும் ஒரே இடத்தில், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் முனையில், ஒரே மாதிரி புண் போடும். காசநோய்க்குக் குரோன்ஸ் மருந்தான ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் விபரீதம், குரோன்ஸுக்குக் காசநோய் மருந்து கொடுத்தால் மாதக்கணக்கில் காலம் வீண். பிரித்துச் சொல்ல முடியாமல் காசநோய் மருந்தையே முதலில் கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. எங்களுக்குச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கிற பயாப்சியிலும், காசநோய்க் கிருமியைத் தேடுகிற ஜீன்எக்ஸ்பர்ட் சோதனையிலும் காசநோய் இல்லை, புண்கள் விட்டுவிட்டு இருந்தன, ஆசனவாய்ச் சதையும் சேர்ந்துகொண்டது. குரோன்ஸ் என்று முடிவானது.

சிகிச்சை என்றதும் ஸ்டீராய்டுதான் என்று பயந்திருந்தேன். குழந்தைகளுக்கு முதல் மருந்து பெரும்பாலும் சாப்பாடுதான்! ஆறிலிருந்து எட்டு வாரம் வேறு எதுவுமே இல்லாமல், முழுச்சத்துப் பவுடரைக் கரைத்துக் குடிப்பது மட்டும். இட்லி கிடையாது, ஒரு வாய் ரசம் கிடையாது. முதல் வாரம் அழுதான், என்னைத் திட்டினான். வெனிலா வாசனை பிடிக்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். அவன் ஸ்கூலில் இருக்கும் நேரத்தில்தான் வீட்டில் தாளிப்பு. வலி மெல்ல மெல்ல நின்றது, எடை ஏறியது.

இப்போது அசத்தியோபிரின் என்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் மாத்திரை. ஆரம்பிக்கும் முன் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். மருந்து தொடங்கிவிட்டால் அம்மை மாதிரி உயிர்த் தடுப்பூசிகள் போட முடியாது. முதல் சில மாதம் அடிக்கடி ரத்தப் பரிசோதனை இருக்கும். நம்மவர்களில் சிலருக்கு மரபணு காரணமாக இந்த மாத்திரையில் ரத்தத்தின் வெள்ளணு சட்டென்று இறங்கும், முடி கொத்தாகக் கொட்டும். முடி கொட்டினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காதீர்கள். ஸ்கூலுக்கு டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கிவிடுங்கள், வகுப்பு நடுவே கேட்காமலே எழுந்து டாய்லெட் போக.