தரம் குறைய வேண்டாம், ஆள் பக்கத்தில் நில்லுங்கள்

புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். பசங்களிடம் தன்மையாகப் போனால் வேலையின் தரம் போய்விடுகிறது, கறாராக இருந்தால் பாதிப் பேர் அடுத்த மாதமே வேறு கம்பெனி பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், எதைத்தான் செய்வது? இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பதையே நான் ஏற்கவில்லை.

கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை ஒன்று இருந்தது. சண்டை, லீவு, மோசமான வண்டிகள் என்று பெயரெடுத்து 1982இல் மூடினார்கள். 1984இல் டொயோட்டாவும் கூட்டுச் சேர்ந்து 'நம்மி' என்ற பெயரில் அதே இடத்தைத் திறந்தபோது, வேலைக்கு எடுத்ததில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள், அதே யூனியன். முன்பெல்லாம் என்ன ஆனாலும் அசெம்பிளி லைன் நிற்கக் கூடாது, போல்ட் விட்டுப்போனாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், கடைசியில் யாராவது சரிசெய்துகொள்வார்கள். டொயோட்டா தலைக்கு மேல் ஒரு கயிறு கட்டியது. சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள், வண்டி அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் முடியவில்லை என்றால்தான் லைன் நிற்கும். வேலையின் ஒவ்வொரு அசைவும், அதற்கான நேரமும் எழுதி வைத்திருந்தார்கள், அதில் சலுகையே கிடையாது. கொஞ்ச காலத்திலேயே அங்கிருந்து வந்த வண்டிகளின் தரம் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளை மிஞ்சியது.

பலரும் இந்தக் கயிற்றைத்தான் சிலாகிக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, இழுத்தவுடன் வருவதற்கு ஒரு ஆள் இருந்தார் என்பது. அவருக்குக் கீழே இருந்தது ஒரு கைப்பிடி ஆட்கள்தான். நம் உதிரிபாகக் கம்பெனிகள் பலவற்றில் ஒரு சூப்பர்வைசருக்கு முப்பது, நாற்பது பேர், அதில் பாதி டிரெய்னி. கூப்பிட்டால் வர ஆளில்லை, வந்தாலும் திட்டத்தான் வருவார் என்று தெரிந்த பையன் கெட்ட பீஸை நல்ல பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பான், வேறென்ன செய்வான்?

பாவம், புதுப் பையன் என்று கெட்ட பீஸைப் பாஸ் பண்ணிவிடுவதும் அன்பில்லை. அவன் கடைசிவரை வேலை கற்றுக்கொள்ள மாட்டான், அடுத்த ஸ்டேஷன்காரன் அவன் பாரத்தையும் சேர்த்துச் சுமப்பான். எனக்குத் தெரிந்த ஒரு லைன் லீடர் அக்கா, அளவு பார்க்கும் கேஜில், நல்ல பீஸுக்குள் போகக் கூடாத 'நோ-கோ' பக்கம் உள்ளே போய்விட்டால் அந்தப் பீஸைச் சிவப்புப் பெட்டியில்தான் போடுவார், யார் கெஞ்சினாலும் சரி. ஆனால் ஷிப்ட் ஆரம்பித்ததும் புதுப் பையன் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். "ஏன்டா இப்படிப் பண்ணின" என்று கேட்டு நான் பார்த்ததே இல்லை, "எந்த இடத்துலப்பா சிக்குது, பண்ணிக் காட்டு" என்பார். அவர் லைனில் பையன்கள் கெட்ட பீஸைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்கள்.

மேனேஜர்களிடம் நான் கேட்பது இதுதான். ஒரே ஆளின் தலையில் நாற்பது பேரைக் கட்டாதீர்கள். அவரை மீட்டிங்குக்கும் மெயிலுக்கும் இழுக்காமல் லைனில் நிற்க விடுங்கள். அப்புறம் ரிஜெக்‌ஷன் கணக்கைக் கேளுங்கள், கறாராகவே கேளுங்கள்.