மருந்துச் சீட்டில் எழுத முடியாதவை

நன்றாகத் தூங்கு, தினமும் நட, கவலைப்படாதே என்று அறிவுரை சொல்வது சுலபம். இரண்டு ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்புகிறவர் எப்போது நடப்பார், எப்படிக் கவலைப்படாமல் இருப்பார்?

பிரிட்டனில் 1967-இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வைப் பற்றிப் படித்ததிலிருந்து இதை வேறு மாதிரிதான் பார்க்கிறேன். சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்கள், எல்லோருக்கும் மாதச் சம்பளம், இலவச மருத்துவம், பட்டினி கிடந்தவர் யாருமில்லை, அப்படியிருந்தும் பத்தாண்டுகளில் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயரதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு இருந்தது. சரி, சிகரெட்தான் காரணமா என்றால், அதையும் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது.

இன்னொன்று, இது ஏழை, பணக்காரர் என்று இரண்டாகப் பிரியவில்லை. படிக்கட்டு மாதிரி, பதவியில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஆபத்து கூடியது. அப்புறம் 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது தெரிந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் நோயாளியைப் பார்த்து "உன் உடம்பை நீதான் கெடுத்துக்கொண்டாய்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.